ஒரு வீடியோ, ஒரு மலை, சில நிழல்கள்: கேமரூன் அரசின் மறுப்பு உடைந்தது எப்படி? 'ஓசின்ட்' புலனாய்வைக் கற்பது எப்படி?

(எச்சரிக்கை: இந்தக் கட்டுரையில் சிலருக்கு மனச் சங்கடம் தரக்கூடிய விவரங்கள் உள்ளன.)

2018 ஜூலை மாதம் ஒரு செல்போன் வீடியோ சமூக வலைதளங்களில் பரவத் தொடங்கியது. ராணுவ உடையில் இருக்கும் சிலர், இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் ஒரு மண் சாலையில் நடத்திக் கூட்டிச் செல்கிறார்கள். ஒரு பெண்ணின் முதுகில் கைக்குழந்தை கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு பெண்ணுடன் ஒரு சிறுமி நடக்கிறாள். 'நீங்கள் போகோ ஹராம் ஆட்கள்' என்று வீரர்கள் மிரட்டுகிறார்கள். சற்று தூரம் போனதும் அவர்களின் கண்களைக் கட்டி, சுட்டுக் கொல்கிறார்கள்.

வீடியோவில் ஊர்ப் பெயர் இல்லை, தேதி இல்லை. சுட்டவர்கள் யார் என்ற விவரமும் இல்லை.

மேற்கு மத்திய ஆப்பிரிக்க நாடான கேமரூனின் ராணுவம்தான் இதைச் செய்தது என்று பலரும் சொன்னார்கள். கேமரூன் அரசோ 'இது போலிச் செய்தி' என்றது. அந்த உடை எங்கள் வீரர்கள் அங்கே அணிவது இல்லை, அந்த ஆயுதம் எங்களுடையது இல்லை, நாட்டின் பெயரைக் கெடுக்கும் சதி இது என அரசுத் தரப்பு அடுக்கியது.

வழக்கமாக இத்தகைய செய்திகள் இந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு பக்கம் குற்றச்சாட்டு, மறுபக்கம் மறுப்பு, நடுவில் 'வீடியோவின் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்த முடியவில்லை' என்ற ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியும் என்று காட்டியதுதான் இந்த வழக்கின் முக்கியத்துவம். பிபிசியின் 'ஆப்பிரிக்கா ஐ' குழு, அம்னெஸ்டி இன்டர்நேஷனல், பெல்லிங்கேட் ஆய்வாளர்கள், ட்விட்டரில் ஒன்றுசேர்ந்த தன்னார்வலர்கள் எனப் பலர் தங்கள் கணினி முன் உட்கார்ந்தபடியே இந்தக் கொலை எங்கே, எப்போது, யாரால் நடந்தது என்பதைத் தேடிப் பிடித்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய முறைக்குப் பெயர் ஓசின்ட்.

ஓசின்ட் என்றால் என்ன?

'ஓப்பன் சோர்ஸ் இன்டெலிஜென்ஸ்' என்பதன் சுருக்கமே ஓசின்ட். 'ஓப்பன் சோர்ஸ்' என்றதும் லினக்ஸ் போன்ற மென்பொருட்கள் ஞாபகத்துக்கு வரலாம். இது அது இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடிய தகவல்களைத் திரட்டி, ஒன்றோடு ஒன்று பொருத்தி, உண்மையைக் கண்டறிவதுதான் இது. தமிழில் 'பொதுவெளித் தகவல் புலனாய்வு' எனலாம். செயற்கைக்கோள் படங்கள், ஃபேஸ்புக் பதிவுகள், நிறுவனப் பதிவு ஆவணங்கள், கப்பல், விமானங்களின் நகர்வுத் தரவுகள், நிலப் பதிவேடுகள், பழைய செய்தி வீடியோக்கள் என எல்லாம் இதில் அடங்கும்.

ஒருவரின் கணக்கை ஹேக் செய்வது, பாஸ்வேர்டைத் திருடுவது, பொய்ப் பெயரில் நட்பாகித் தகவல் கறப்பது எல்லாம் இதற்குள் வராது. பூட்டாத கதவு வழியாக எல்லோரும் பார்க்கக் கூடியதை மட்டும் கவனமாகப் பார்ப்பதுதான் வேலை.

இந்தத் துறையில் பலரும் அறிந்த பெயர் பெல்லிங்கேட். பிரிட்டனைச் சேர்ந்த எலியட் ஹிக்கின்ஸ் 2014 ஜூலையில் இதைத் தொடங்கினார். அவர் பத்திரிகையாளராகப் பயிற்சி பெற்றவர் அல்ல. வீட்டில் இருந்தபடி சிரியா போர் வீடியோக்களில் தெரியும் ஆயுதங்களை அடையாளம் கண்டு வலைப்பூவில் எழுதி வந்தவர். 'பூனைக்கு யார் மணி கட்டுவது?' என்று நாம் கேட்கிறோமே, அதே கதையில் இருந்து வந்ததுதான் பெல்லிங்கேட் என்ற பெயரும். தொடங்கிய சில நாட்களிலேயே, ஜூலை 17ஆம் தேதி, கிழக்கு உக்ரைன் வானில் மலேசியாவின் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். ஏவுகணை ஏற்றி வந்த வாகனத்தை வழியில் பார்த்தவர்கள் பதிவிட்ட படங்களை வரிசைப்படுத்தி, அது ரஷ்ய ராணுவப் படைப்பிரிவு ஒன்றில் இருந்து வந்தது என்பதை பெல்லிங்கேட் காட்டியது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேரை, அவர்கள் ஆஜராகாத நிலையிலேயே, குற்றவாளிகள் என அறிவித்தது.

எங்கே நடந்தது? மலை சொன்ன பதில்

கேமரூன் வீடியோவுக்கு வருவோம். கொலைக் காட்சிக்கு முன்பு, முதல் 40 விநாடிகளில், பின்னணியில் ஒரு மலைத்தொடர் தெரிகிறது. ஏற்ற இறக்கமான அதன் முகடு தனித்துவமான வடிவம் கொண்டது. நம்ம ஊரில் யானைமலையைத் தூரத்தில் இருந்து பார்த்தாலே 'மதுரை வந்தாச்சு' என்று சொல்லிவிடுவோம் இல்லையா, அதே மாதிரிதான். மலையின் விளிம்புக் கோடு ஒரு கைரேகை.

வீடியோவின் காட்சிகளை ஒட்டி ஒரே அகலப் படமாக்கி, கூகுள் எர்த்தின் முப்பரிமாண நிலப்பரப்போடு ஒப்பிட்டுத் தேடினார்கள். வடக்குக் கேமரூன் முழுக்க மலைகள். பல மணி நேரம் தேடியும் பொருந்தவில்லை. கடைசியில் கேமரூனைச் சேர்ந்த ஒருவர் 'செலவெட் பக்கம் பார்த்தீர்களா?' என்று துப்பு கொடுத்தார். அங்கே பார்த்தபோது முகடு அப்படியே பொருந்தியது. நைஜீரிய எல்லையை ஒட்டிய ஊர் அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கணினியே கண்டுபிடித்துவிடவில்லை. அந்த மண்ணை அறிந்த ஒரு மனிதரின் ஒரு வரிதான் தேடலைத் திருப்பியது. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் நம்பவும் இல்லை. சாலை, மரங்கள், கட்டடங்கள் என ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தில் சரிபார்த்த பிறகுதான் இடம் உறுதியானது.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒரு ஒற்றன் கொண்டுவந்த தகவலை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் ஏற்கலாம் என்கிறார். ஓசின்ட் பயிற்சி வகுப்புகளில் இன்று சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

எப்போது நடந்தது? நிழலை அளந்த கதை

இடம் தெரிந்துவிட்டால் காலத்தை நெருங்கலாம். கூகுள் எர்த் புரோ மென்பொருளில் ஒரே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களையும் வருட வாரியாகப் பார்க்க முடியும். இலவசம்தான்.

வீடியோவில் தெரிந்த ஒரு கட்டடம், 2016 பிப்ரவரிக்குப் பிந்தைய படங்களில் இல்லை. அப்படியென்றால் சம்பவம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இன்னொரு கட்டடத்தைச் சுற்றி வீடியோவில் சுவர் இருக்கிறது; 2014 நவம்பர் படத்தில் அந்தச் சுவர் இல்லை, 2015 மார்ச் படத்தில் இருக்கிறது. ஆக 2014 நவம்பருக்குப் பிறகு. இப்போது சுமார் 15 மாத இடைவெளி மிச்சம்.

அடுத்த துப்பு, ஓர் ஒற்றையடிப் பாதை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தில் மட்டுமே அது தெரிகிறது. மழை வந்து பச்சை முளைத்தால் மறைந்துவிடும்.

பிறகுதான் நிழல். வீரர்கள் நடக்கும்போது அவர்களின் நிழல் சாலையில் விழுகிறது. ஒரு மனிதரின் உயரத்துக்கும் அவர் நிழலின் நீளத்துக்கும் உள்ள விகிதம் தெரிந்தால், சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று பள்ளிக்கூட முக்கோணவியலை வைத்தே சொல்லிவிடலாம். உயரமும் நிழலும் சமம் என்றால் சூரியன் 45 டிகிரியில் இருக்கிறது. நிழல் நீளமாக இருந்தால் சூரியன் அதைவிடக் கீழே. சாலை எந்தத் திசையில் போகிறது என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியும் என்பதால், நிழல் விழும் திசையையும் கணக்கிடலாம். குறிப்பிட்ட ஊரில், சூரியன் அந்த உயரத்திலும் அந்தத் திசையிலும் ஒரே நேரத்தில் இருக்கும் நாட்கள் மிகக் குறைவு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் வருடத்தில் இரண்டு முறை ஒரே பாதையில் வந்து போகும். சென்னையில் 'நிழலில்லா நாள்' ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட்டில் ஒரு முறை வருவது இதனால்தான். நிழலை மட்டும் நம்பினால் இரண்டு காலகட்டங்கள் கிடைக்கும். எது சரி என்று தெரியாது. அங்கேதான் அந்த ஒற்றையடிப் பாதை கைகொடுத்தது. வறண்ட காலம் என்று அது முன்பே சொல்லிவிட்டதே!

முடிவில் கிடைத்த பதில்: 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில். பெயர், தேதி எதுவுமே இல்லாத வீடியோவில் இருந்து, மூன்று வருடங்கள் கழித்து, இரண்டு வார இடைவெளிக்குள் நெருங்கிவிட்டார்கள்.

யார் செய்தது?

வீரர்கள் வைத்திருந்த துப்பாக்கிகளில் ஒன்று செர்பியத் தயாரிப்பான சஸ்தாவா எம்21. சஹாராவுக்குத் தெற்கே அரிதாகவே காணப்படும் இந்த ரகத்தைக் கேமரூன் ராணுவத்தின் சில பிரிவுகள் பயன்படுத்துகின்றன. அந்தப் பகுதியில் வீரர்கள் முழுப் போர்க்கவசத்துடன்தான் இருப்பார்கள் என்ற அரசின் வாதமும் நிற்கவில்லை. அதே பகுதியில் எடுக்கப்பட்ட படங்களில் கேமரூன் வீரர்கள் வீடியோவில் உள்ளதைப் போன்ற உடையிலேயே இருந்தார்கள். அந்தப் படங்களில் சில, வீரர்களே ஃபேஸ்புக்கில் பெருமையாகப் போட்டவை.

ஆளை அடையாளம் காண வீடியோவில் காதில் விழுந்த ஒரு பட்டப்பெயர் உதவியது. அதே பட்டப்பெயருடன் ஒரு ஃபேஸ்புக் கணக்கு இருந்தது. அதோடு நிறுத்தாமல், முன்னாள் வீரர் ஒருவரிடமும் கேட்டுச் சரிபார்த்தார்கள்.

2018 ஆகஸ்ட்டில் கேமரூன் அரசே இறங்கி வந்து, ஏழு வீரர்கள் கைது செய்யப்பட்டதாக அறிவித்தது. செப்டம்பரில் பிபிசியின் புலனாய்வு வீடியோ வெளியானது. பின்னர் அது பீபடி விருதும் பெற்றது. 2020 செப்டம்பரில் கேமரூன் ராணுவ நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா 10 ஆண்டு சிறைத் தண்டனையும், ஒருவருக்கு 2 ஆண்டும் விதித்தது. இருவர் விடுவிக்கப்பட்டனர். நான்கு உயிர்களுக்கு 10 ஆண்டு போதுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனால் 'போலி' என்று ஒதுக்கப்பட்ட வீடியோ, நீதிமன்றப் படியேறியதே அந்நாட்டில் சாதாரண விஷயம் இல்லை.

தமிழர்கள் மறக்காத ஒரு முன்கதை

வீடியோ வந்ததும் 'போலி' என்று அரசு சொல்வது கேமரூனில் தொடங்கியது அல்ல. இலங்கை இறுதிப் போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஆகஸ்ட்டில், கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சியை பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. ஜோடிக்கப்பட்டது என இலங்கை அரசு மறுத்தது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு, துப்பாக்கி ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் வீடியோவைத் தனித்தனியாகக் கொடுத்தார். வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்ற அவர்களின் முடிவை 2010 ஜனவரியில் வெளியிட்டார். அன்று நிபுணர்களால் மட்டுமே முடிந்த சோதனைகளில் சிலவற்றை இன்று ஒரு மாவட்டச் செய்தியாளரும் தன் மடிக்கணினியில் செய்ய முடியும் என்பதுதான் வித்தியாசம்.

இதே திறமை பொய்யை உடைக்கவும் உதவும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களை எடுத்து ஒட்டியவை அவை. பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு வந்து பார்க்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது. அந்த வீடியோக்களின் ஒரு காட்சியை எடுத்துத் தேடுபொறியில் போட்டுப் பார்க்கும் பழக்கம் பகிர்ந்தவர்களுக்கு இருந்திருந்தால், பாதி வதந்தி முதல் நாளே அடங்கியிருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கற்க வேண்டியது ரிவர்ஸ் இமேஜ் சர்ச். வார்த்தைக்குப் பதில் படத்தைக் கொடுத்துத் தேடுவது. கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்றில் வராதது மற்றொன்றில் வரும். வீடியோ என்றால் அதைச் சில காட்சிகளாகப் பிரித்துத் தேட வேண்டும். 'இன்விட்' என்ற பிரவுசர் நீட்சி அந்த வேலையைச் செய்துகொடுக்கும். நீங்கள் தேடுவது படத்தின் மிகப் பழைய பதிவை. 'நேற்று நடந்தது' என்று வந்த படம் 2016லேயே இணையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் எதுவும் கிடைக்காவிட்டால் படம் புதியது என்று அர்த்தம் இல்லை. இந்த இடத்தில்தான் புதியவர்கள் நிறைய சறுக்குகிறார்கள்.

படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தேதி, இருப்பிடத் தகவலைப் பற்றி யூடியூப் பாடங்களில் ஆஹா ஓஹோ என்று பேசுவார்கள். நடைமுறையில் அவ்வளவு பயன் இல்லை. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அந்தத் தகவல் இருக்காது, அனுப்பும்போதே நீங்கிவிடும். அசல் கோப்பு கையில் கிடைத்தால் மட்டும் பார்க்கலாம்.

அடுத்தது இடம் கண்டறிதல். இதற்குக் கருவியைவிடக் கண் முக்கியம். கடைப் பலகையின் எழுத்து, மின்கம்பத்தின் வடிவம், பேருந்தின் நிறம், வாகனப் பதிவெண், கோபுரம், செல்போன் டவர், பாதையின் வளைவு எல்லாமே துப்பு. பயிற்சிக்கு உங்களுக்குத் தெரிந்த ஊரையே எடுத்துக்கொள்ளலாம். நண்பர் ஒருவரைத் தமிழ்நாட்டுக்குள் எங்கேயாவது எடுத்த படத்தை ஊர் பெயர் சொல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கூகுள் மேப்ஸ், ஸ்ட்ரீட் வியூ வைத்துக் கண்டுபிடியுங்கள். பிறகு 'சன்கால்க்' இணையதளத்தில் அந்த இடத்தைக் குறித்து, நிழலை வைத்து என்ன நேரம் எடுத்தது என்று சொல்லுங்கள். சரியா தப்பா என்று நண்பர் சொல்லிவிடுவார். விடை தெரிந்த ஒருவர் இருக்கும் பயிற்சிதான் ஆரம்பத்தில் நல்லது.

செயற்கைக்கோள் படங்களுக்கு, கூகுள் எர்த் தவிர ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் மனிதர்களோ கார்களோ தெரியாது. ஆனால் ஏரி சுருங்குவது, குவாரி விரிவது, காடு அழிவது தெளிவாகத் தெரியும். உள்ளூர்ச் செய்தியாளர்களுக்குப் போர் வீடியோக்களைவிட இதுதான் அதிகம் உதவும்.

கண்டுபிடித்ததைச் சேமிப்பது கடைசியில் செய்யும் வேலை அல்ல, முதலில் செய்ய வேண்டியது. 2017இல் யூடியூப்பின் தானியங்கி அமைப்பு, வன்முறைக் காட்சிகள் என்று கருதி சிரியா போர் வீடியோக்களைப் பெரும் எண்ணிக்கையில் நீக்கியது. அவற்றில் பல போர்க்குற்ற ஆதாரங்கள். அதனால் ஒரு பதிவைப் பார்த்ததுமே வேபேக் மெஷின் போன்ற தளத்தில் ஏற்றி, தனியாகவும் ஒரு பிரதி எடுத்து, எங்கே எப்போது பார்த்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். வேறு ஒருவர் அதே படிகளில் நடந்தால் அதே முடிவுக்கு வர முடிய வேண்டும்.

தப்பானால் என்ன ஆகும்?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தபோது, ரெடிட் தளத்தில் கூடியவர்கள் கூட்டத்தின் படங்களை அலசி 'இவர்தான் குற்றவாளி' என்று ஒரு கல்லூரி மாணவரின் பெயரைப் பரப்பினார்கள். அவர் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தவர். குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மிரட்டல் அழைப்புகள் குவிந்தன. பிறகு அவர் சடலமாக மீட்கப்பட்டார். ரெடிட் நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

பாஸ்டனில் பார்த்தவர்களும் கேமரூனைப் பார்த்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கருவிகளைத்தான் வைத்திருந்தார்கள். பாஸ்டனில் முகச் சாயல் ஒன்றே போதும் என்று நினைத்தார்கள். கேமரூனில் மலை, சுவர், பாதை, நிழல், துப்பாக்கி, சாட்சி என ஒவ்வொன்றும் மற்றதைச் சரிபார்த்தது. முந்தைய முடிவைத் தப்பு என்று காட்டும் வாய்ப்பும் ஒவ்வொன்றுக்கும் இருந்தது. பெயரை வெளியிடுவது கடைசிப் படியாக இருந்தது.

சாதாரண மனிதர்களின் பதிவுகளைக் கையாளும்போதும் கவனம் தேவை. ஒரு வீடியோ எந்த மாடியில் இருந்து எடுக்கப்பட்டது என்று துல்லியமாகச் சொல்வது, எடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதாகவும் ஆகலாம். அவர் இன்னும் அதே வீட்டில் இருக்கக்கூடும். தினமும் கொலைக் காட்சிகளைப் பார்ப்பவர்களின் மனநலமும் பாதிக்கப்படுகிறது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, திரையைச் சிறிதாக்குவது, தேவையில்லாத பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னணியை மட்டும் பார்ப்பது என அனுபவசாலிகள் சில வழிகளைப் பின்பற்றுகிறார்கள்.

இத்தகைய ஆதாரங்களை எப்படித் திரட்டினால் நீதிமன்றத்தில் நிற்கும் என்பதற்கு, ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் 'பெர்க்லி நெறிமுறை'யை வெளியிட்டன. அதை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெல்லிங்கேட்டின் வழிகாட்டிக் கட்டுரைகளும் கட்டணம் இல்லாமல் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம்தான். செலவெட்டின் மலையைத் தேடியவர்கள் ஒவ்வொரு படியையும் படத்தோடு விளக்கி வெளியிட்ட வீடியோ இன்றும் யூடியூப்பில் இருக்கிறது. கொலைக் காட்சி அதில் முழுமையாகக் காட்டப்படாது என்றாலும், தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.